புல்லாங்குழல் நின்றதும் வெடி

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. கேட்டு வாங்கப்பட்டது. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை (பெயர் வேண்டாம், கதைக்காக நான் கட்டிய ஆலை, நானே இழுத்து மூடிவிடுவேன்) தன் பணியாளர் மனநல மலருக்குச் சிறுகதை கேட்டது. கேட்டவர் சுரேஷ்குமார். ஆலையின் மனநல அலுவலர், பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். வீடு தேடி வந்து, கொண்டுவந்த கொய்யாப்பழத்தைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"படிக்கிறவங்களுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கக் கூடாதுங்க சார். அது ஒண்ணுதான்."

தலையாட்டிவிட்டேன். வேலை வீட்டுக்கே வரும்போது தலை அப்படித்தான் ஆடுகிறது.

2

தொடக்கம் ஒன்று: "சுண்ணாம்புக்கல் குவாரியின் மேல் காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை—"

வேண்டாம். அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். பொற்கரமெல்லாம் கிடையாது.

தொடக்கம் இரண்டு: "குவாரியில் சைரன் ஊதுகிறவன் தர்மன். எப்போதும் சிரித்த முகம். யாரையும் கடிந்து ஒரு—"

சிரித்த முகத்தோடு சைரன் ஊதினால் எவன் ஓடுவான்? தர்மனை அனுப்பிவிட்டேன்.

தொடக்கம் மூன்று, இது நிற்கும்: மணிமொழிக்குத் தன் வேலை ரொம்பப் பிடித்திருந்தது. அவள் வேலை, மனிதர்களைப் பயமுறுத்துவது.

3

பாறைக்கு வெடி வைக்கும்முன் குவாரியிலிருந்து ஆட்களை விரட்ட வேண்டும். மணிமொழியிடம் கையால் சுற்றுகிற பழைய சைரன் ஒன்று இருந்தது. அவள் சுற்றினால் லாரிக்காரர்கள் சோற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்கள். குவாரியை ஒட்டிய தெருவில் பெண்கள் அதிர்வில் விழுந்துவிடுமென்று அலமாரிப் பாத்திரங்களை மளமளவென்று தரையில் இறக்குவார்கள், ஒருத்தி டிவியைக் கட்டிப் பிடித்துக்கொள்வாள். வெடித்து அடங்கியதும் எல்லாம் மறுபடி மேலே ஏறும். ஒருமுறை பெண் பார்க்க வந்தவர்கள்கூட ஆளுக்கொரு குண்டானை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கல்யாணம் நடந்தது.

நிலத்தைக் குவாரிக்குக் கொடுத்த குடும்பம் என்பதால் மணிமொழிக்குக் கிடைத்த வேலை இது.

"எங்க கொல்லைலதான் சார் குழி. அதுல யாரு செத்தாலும் எங்க வூட்டுச் சாவுதான்" என்றாள். (அவளாகச் சொன்னாளா, நான் சொல்லவைத்தேனா என்று தெரியவில்லை. நன்றாக இருக்கிறது, இருக்கட்டும்.)

குழியில் ஒரு ஆள்கூட இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். வெளுத்துக் கட்டுவாள். படுத்தால் விடியும்வரை அசையமாட்டாள்.

4

சுரேஷ்குமார் பொறுப்பேற்ற அன்று சைரன் கேட்டு டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். ஊழியர் மனம் இப்படித் தினமும் பதறலாமா? சைரனுக்குப் பதில் ஒலிபெருக்கியில் புல்லாங்குழல் வந்தது. குழல் நின்றதும் வெடி. பழைய சைரன் மேல் ஒரு யோகா பாயைப் போர்த்தி, அதைத் தொடுகிறவருக்கு வேலை இல்லை என்று அன்பாக அறிவித்தார். வயர்லெஸ்ஸில் 'நிறுத்து', 'ஓடு' போன்ற கடுஞ்சொற்களுக்கும் தடை. மீறினால் கருவி தானாக அணைந்துவிடும். 'நிறுத்து' என்பதற்குப் பதிலாக, 'கொஞ்சம் மூச்சு விடலாமா?'

(இவரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு வரியில் மீசையை முறுக்கிவிட்டேன். அடுத்த வரியில் வாட்ச்மேன் மகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். யாருடைய நெஞ்சும் அதிரக் கூடாது, அவருக்கு வேலை என்றால் அதுதான். அது நடப்பதால் அவரும் நிம்மதியாகத் தூங்குகிறார்.)

வேலையில் நாம் எதைப் பெரிதாக நினைக்கிறோமோ அது நடந்தால் மனம் நலமாக இருக்கும் என்று மனநலக் கட்டுரைகள் சொல்கின்றன. சரிதான். நாம் பெரிதாக நினைப்பது எல்லோரும் அலறிக்கொண்டு ஓடுவதை என்றால் என்ன செய்வது என்று ஒரு கட்டுரையும் சொல்லவில்லை.

5

குழல் கேட்டதும் லாரிக்காரர்கள் சீட்டில் சாய்ந்தார்கள். தெருவில் யாரும் இறக்கிவைக்காத பாத்திரங்கள் உருண்டன. மணிமொழி தொண்டை கிழியக் கத்தி ஆட்களை விரட்டினாள், கத்தலுக்கும் தடை வந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் குழியில் யாரோ நிற்பதுபோல் இருந்தது.

"என்னம்மா, டல்லா இருக்கீங்க? மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க" என்றார் சுரேஷ்குமார்.

"பயமுறுத்தணும் சார்."

"யார?"

"எல்லாரையும்தான்."

அவர் மிகுந்த அக்கறையோடு, அவளுக்கு மட்டும் காலையிலும் கொஞ்சம் புல்லாங்குழல் போடச் சொன்னார்.

6

இன்று. குழல் ஒலிக்கிறது. குழிக்குள் அய்யம்பெருமாள். பக்கத்து ஊரில் ஆடு மேய்க்கிறவர், வேலிச் சந்தில் புகுந்து ஒரு பாறைமேல் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆடுகளும் கேட்கின்றன.

மேட்டிலிருந்து பார்த்த மணிமொழி வயர்லெஸ்ஸை எடுத்தாள்.

"அண்ணே! கொஞ்சம் மூச்சு விடலாமா!"

மறுமுனையில் வெடிக்காரர் ஆழமாக மூச்சை இழுத்து விட்டார். "சொகமா இருக்கு தங்கச்சி" என்றார்.

"அய்யோ, நிறுத்துண்ணே!"

கருவி அணைந்தது.

மிச்சம் இருப்பது பாய்க்கு அடியில் இருக்கிற சைரன். தொட்டால் வேலை போகும். கொல்லை ஏற்கெனவே போய்விட்டது.

7

முடிவு அ (மலருக்கு ஏற்றது): அய்யம்பெருமாள் தானாக எழுந்து வீட்டுக்குப் போகிறார்.

"எந்திரிக்க மாட்டாரு சார். பாட்டு முடியட்டும்னு ஒக்காந்திருப்பாரு. அவரப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்கிறாள் மணிமொழி.

முடிவு ஆ: சுரேஷ்குமார் மனம் மாறி, கண் கலங்கி, பாயை அவரே உருவி— எனக்கே சிரிப்பு வருகிறது.

முடிவு இ: இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறேன். நான் எழுதாவிட்டால் குழலும் நிற்காது, வெடியும் வெடிக்காது. இலக்கியத்தில் இது செல்லும்.

மணிமொழிக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்கதானே சார் அவர அங்க ஒக்கார வெச்சீங்க, கத நல்லா வரணும்னு? இப்பப் பாதியில வுட்டுட்டுக் கெளம்புறீங்க. நான் சாப்புட வேணாமா, தூங்க வேணாமா?"

"மலருக்கும்மா இது. நெஞ்சு படபடக்கக் கூடாதாம்."

"அப்ப ஒங்க சைரன் மேலயும் பாயப் போட்டுட்டாங்களா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கொய்யாப்பழம் முழுவதையும் சாப்பிட்டிருந்தேன்.

8

அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. பாயை உருவி எறிந்தாள். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுகிறாள், தோள் நோகச் சுற்றுகிறாள். சத்தம் வரவில்லை. சைரனில் பழுதில்லை, தாளில் சத்தம் வராது, அவ்வளவுதான். என் தொழிலில் உள்ள பெரிய குறை இது.

சத்தம் உங்களிடம் இருக்கிறது. குழல் கடைசி அடிக்கு வந்துவிட்டது. தயவுசெய்து அடுத்த வரியை மனதுக்குள் படிக்காதீர்கள். எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து:

ஊஊஊஊஊஊஊஊஊ

உங்கள் வீட்டில் யாராவது "என்ன எழவு சத்தம் இது?" என்று கரண்டியும் கையுமாகப் பதறி ஓடிவந்தால், அய்யம்பெருமாளும் ஓடிவிட்டார் என்று பொருள். மணிமொழிக்கு வேலை போய்விடும். அவள் சாப்பிட உட்காருவாள்.

யாரும் வரவில்லையென்றால் இன்னொரு முறை ஊதுங்கள். அவர் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.