டெல்ஃபா விட்டுப்போன சுருதி

மனைவி டெல்ஃபா செத்த மூன்றாம் மாதம் வெர்லின் அந்த இரட்டை டல்சிமரைத் தூக்கிக்கொண்டு தேவாலயத்தின் கீழறைக்கு வந்தான். ஒரே மரத்தில் இரண்டு தந்தி வாத்தியம். இரண்டு பேர் எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்து, மடியில் பாதி பாதியாகத் தாங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். அந்தக் காலத்தில் பெண்ணைத் தேடி வரும் பையன் கையில் இதைத்தான் கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் சத்தம் கேட்கிற வரை பெற்றவர்கள் அடுப்படியில் நிம்மதியாக இருக்கலாம். டெல்ஃபாவின் அம்மா வீட்டிலிருந்து வந்தது. நாற்பத்தொரு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் குனிந்து கிடந்த வெர்லின் தன் பக்கத்தை ஒரு நாளும் தொட்டதில்லை. அவள் மட்டும்தான் வாசித்தாள்.

இப்போது அவன் பழகினான். செவ்வாய்க்கிழமை மதியங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்காருவார்கள். ஒரு ஓரத்தில் மொச்சைச் சூப்பும் சோள ரொட்டியும் இருக்கும். தப்பாக வாசித்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. முதல் நாளே பக்கத்து நாற்காலி ஓடெல், "தப்பா வாசிச்சா நல்லா சத்தமா வாசிய்யா. அப்பதான் எங்க தப்பு வெளிய தெரியாது" என்றான். ஓடெலும் பழைய சுரங்கத்து ஆள்தான்.

வெர்லின் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். அவள் பக்கத்தை யாரும் தொடக் கூடாது. ஏன் என்று அவன் சொல்லவில்லை.

டல்சிமரில் பாட்டின் சாயல் மாறினால் தந்தியின் சுருதியையும் மாற்றியாக வேண்டும். டெல்ஃபா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, வாத்தியம் மடியில் இருக்கச் செத்துப்போனாள். கடைசியாக வாசித்த பாட்டின் சுருதி இன்னும் அவள் பக்கத்துத் தந்திகளில் இருந்தது. என்ன பாட்டு என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் வந்தான். ஆனால் கேட்க வேண்டுமானால் இன்னொரு கை அதன்மேல் பட வேண்டும். அதற்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. வீட்டில் எதிரே காலி நாற்காலியில் மறுபாதியைத் தாங்க வைத்து வாசிப்பான். அவனுடைய மெல்லிய தந்தியில், வீணையில் போலக் குறுக்கே பதித்த மெட்டுகளில் ஆறாவதில், தந்தியை அமுக்கும் குச்சியை வைத்து மீட்டினால் மட்டும் அவள் பக்கத்து மெல்லிய தந்தி தானாக அதிரும். மூடிய உதட்டுக்குள் யாரோ முனகுவதுபோல இருக்கும். சில நாள் சாப்பாட்டை மறந்து அந்த ஒரு மெட்டையே மீட்டிக்கொண்டிருப்பான்.

பிப்ரவரி மழையில் ஒரு செவ்வாய். இருமல் வந்து வெளியே போய்விட்டுத் திரும்பினால், எதிர் நாற்காலியில் ரொவீனா. வட்டத்தின் பழைய ஆள், இரண்டு மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டு அன்றுதான் வந்திருந்தாள். மடியில் மறுபாதி. விரல் முறுக்காணியில்.

"வாங்கண்ணே. டெல்ஃபா இடம் சும்மா கெடக்கறது மனசு கேக்கல. இந்தப் பக்கத்தையும் உங்களோட சேத்துட்டேன். மெல்லிசு ஒண்ணுதான் எறங்கிக் கெடந்துச்சு."

புதிதாக வருகிறவர்களின் தந்தியைப் பக்கத்தில் இருப்பவர் கூட்டிக் கொடுப்பது அந்த அறையின் வழக்கம். அவர்களுடைய வரவேற்பே அதுதான். வெர்லினுக்கும் அப்படித்தான் ஓடெல் செய்து கொடுத்திருந்தான்.

வெர்லின் உட்கார்ந்து ஆறாவது மெட்டை மீட்டினான். பதில் இல்லை. மறுபடி மீட்டினான். எதிர்ப்பக்கம் வெறும் மரமாகக் கிடந்தது.

"முன்ன எப்படி இருந்துச்சு ரொவீனா?"

"கேட்டுப் பாக்கலண்ணே. நேரா முறுக்கிட்டேன்."

அப்போதுதான் அவன் எல்லாவற்றையும் சொன்னான். ரொவீனா கையை இழுத்துக்கொண்டு, மறுபாதியை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"இத்தன வாரமா சொல்ல வேண்டியதுதான? வாயில என்ன கரிய அடச்சு வச்சிருந்த?" என்றான் ஓடெல். ஆனால் குரல் தாழ்ந்திருந்தது.

வெர்லின் அவனிடம் குச்சியைக் கொடுத்தான். "ஆறாவதுல வச்சு மீட்டிக்கிட்டே இரு. கூரை பாக்கற மாதிரி பாக்கறேன்."

சுரங்கத்தில் தலைக்கு மேலுள்ள பாறை நிற்குமா விழுமா என்று பார்க்க, ஒரு கையால் கம்பியைக் கொண்டு தட்டி மறு கையைப் பாறையில் பதித்து வைப்பார்கள். காதுக்கு எட்டாத அதிர்வு கைக்கு எட்டும். வெர்லின் இடது உள்ளங்கையை மரத்தில் ஒட்டினான். வலது கையால் முறுக்காணியை மயிரிழை மயிரிழையாகத் தளர்த்தினான். ஓடெல் மீட்டிக்கொண்டே இருந்தான். சூப்பு ஆறியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

கைக்குக் கீழே மரம் சிலிர்த்தது.

"இதான்."

ரொவீனா தயங்கித் தயங்கி அந்த மூன்று தந்திகளையும் ஒருமுறை வருடினாள். முகம் மாறிவிட்டது. ஓடெலைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"என்ன பாட்டு?" என்றான் வெர்லின்.

"இந்தச் சுருதியில நாங்க ஒண்ணுதாண்ணே வாசிப்போம். பொதைக்கற குழிக்குப் பக்கத்துல வாசிக்கறது."

"அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, சாகப் போறோம்னு."

"அவளுக்கு இல்லண்ணே." ரொவீனா அவன் நெஞ்சைப் பார்த்தாள். "உங்க நெஞ்சுப் படத்தப் பாத்துட்டு டாக்டர் ரெண்டு வருஷம்னு சொன்னாருல்ல. அந்த வாரமே எங்கிட்ட வந்தா. அவர நாந்தான் வாசிச்சு அனுப்பணும், அழாம வாசிக்கப் பழகணும்னா. வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா."

வெர்லினுக்கு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது அவன் பூட்ஸ் சத்தம் வாசலில் கேட்டதும் உள்ளே வாத்தியம் சட்டென்று நின்றுவிடும். தனக்குக் கேட்கக் கொடுப்பினை இல்லை என்று நினைத்திருந்தான். அவளைப் புதைத்த அன்றைக்கு யாரும் எதுவும் வாசிக்க வேண்டாம் என்று சொன்னவனும் அவன்தான்.

"போக வேண்டிய ஆளு இங்க உக்காந்து இருமிக்கிட்டிருக்கான்," என்றான் ஓடெல். "போறதுதான் போற, செவ்வாக்கெழம மட்டும் போயிடாத. வட்டம் கெட்டுடும்."

யாரோ சிரித்தார்கள். வெர்லினும் சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது.

"உக்காரு ரொவீனா. நான் என்ன செய்யணும்னு சொல்லு."

"ஒங்க பக்கத்த மாத்த வேண்டாண்ணே. குச்சி வைக்காம தொறந்த தந்தி, ஆறாவது, தொறந்த தந்தி. அவ்வளவுதான். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

ரொவீனா பாட்டைத் தொடங்கினாள். ஒவ்வொருவராகத் தங்கள் தந்தியை மாற்றிக்கொண்டு சேர்ந்தார்கள். நான்கு மாதம் தாமதமாக, டெல்ஃபாவை அனுப்பினார்கள்.

பாட்டு முடிந்தது. மழைச் சத்தம் கேட்டது. ரொவீனா இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே மடித்துக் கட்டிக்கொண்டாள். வெர்லின் மட்டும் நிறுத்தாமல் ஆறாவது மெட்டை இன்னொரு முறை மீட்டித் தந்தியை விரலால் அமுக்கினான். அவன் பக்கம் அடங்கிவிட்டது. எதிர்ப்பக்கம் முனகிக்கொண்டே இருந்தது.

"நான் தொடலண்ணே," என்றாள் ரொவீனா.

"தெரியும்," என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி குச்சியை அங்கேயே வைத்தான்.