வியாழக்கிழமை பாக்ஸிங்

பாக்ஸிங் வளந்துச்சாம், பாக்ஸிங்! விழுப்புரத்துல வீடியோ கடை வெச்சிக்கினு இருந்த தேவநாதன் அத்த வளத்தாராம். கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்குப் புத்தி எங்க போச்சின்னு சொல்வாங்களே, அந்தக் கேக்கறவரு வேற யாருமில்ல, எங்க வூட்டுக்காரரு சவுரிராயன்தான். நான் அவரு பொண்டாட்டி ஜெயம். வாணாம்யா வாணாம்யான்னு தலப்பாடா அடிச்சிக்கினவ.

எங்களுக்குத் திண்டிவனம். மல்லாட்டை மண்டியில வேர்க்கடலை மூட்டை தூக்கறது அவரு வேல. கல்யாணத்துக்கு முன்ன கொஞ்ச நாள் மெட்ராஸ்ல இருந்தப்ப பாக்ஸிங் கத்துக்கினு வந்துட்டாரு. பகலெல்லாம் மூட்டைய முதுகுல ஏத்தறது, சாயங்காலம் ஆனா அதே மாதிரி கோணிப்பையில மண்ணை ரொப்பி மரத்துல தொங்கவுட்டுக் குத்தறது. மூட்டை மேல இருக்கற கோவத்தைத் தீத்துக்கறாருன்னு நான் கிண்டல் பண்ணுவேன். ஆனா மெய்யாலுமே நல்லா குத்துவாரு. மெட்ராஸ்ல வருசா வருசம் ஸ்டேட் மீட்டுன்னு மாநிலப் போட்டி நடக்கும். ஃபைனல்ல ஜெயிச்சா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சர்க்கார் வேல. எண்பத்தாறுல செமி ஃபைனல் வரைக்கும் போயி, கொஞ்சத்துல கோட்டை வுட்டுட்டு வந்தாரு. அதுக்கு வயசு வரம்பு இருக்குது. எண்பத்தேழுதான் அவருக்குக் கடைசி. ஜெயிச்சா உத்தியோகம், இல்லன்னா சாவற வரைக்கும் மூட்டை. இது எங்க ரெண்டு பேருக்கும் நல்லாத் தெரியும்.

அந்த நேரம் பாத்து வந்து சேந்தாரு தேவநாதன். கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கறவரு. அவரு வந்த கல்யாணத்துல தாலிய எப்பக் கட்டணும்னு அய்யரு சொல்ல முடியாது, இவருதான் சொல்வாரு. "மாப்ள, அப்படியே நில்லுங்க. முடிச்சை இறுக்காதீங்க. இங்க பாருங்க, லேசா சிரிங்க"ம்பாரு. மாப்பிள்ளையும் கயித்தைப் புடிச்சிக்கினு, நல்ல நேரம் போனாலும் பரவால்லன்னு நிப்பான். இந்தத் தேவநாதன் கடையிலேருந்து தெருவுல நாப்பது வூட்டுக்கு வயரு இழுத்து, வீடியோவுல படம் போட்டுக்கினு இருந்தாரு. படம் மட்டும் போட்டா போதுமா, சொந்தமா ஒரு நிகழ்ச்சி வாணாமான்னு அவருக்கு ஆசை வந்துடுச்சி.

திண்டிவனத்துக்கே எங்க வூடு தேடி வந்தாரு. "அண்ணே, வருசத்துக்கு ஒருவாட்டி மெட்ராஸ்ல பெரிசா போட்டி வெச்சா எவன் பாக்கறான்? சின்னதா இருந்தாலும் வாராவாரம் டிவியில காட்டணும். காட்டக் காட்டத்தான் ஜனத்துக்குப் புடிக்கும். புடிச்சாத்தான் பசங்க வருவாங்க. விளையாட்டு வளரும்"ன்னாரு.

எங்க வூட்டுக்காரரு என்னைப் பாத்தாரு. "வாராவாரம் சண்டை போட்டா மீட்டுக்குக் கையும் பழகும் இல்ல?"ன்னாரு.

"பழகும், பழகும். எது பழகும்னுதான் தெரியல"ன்னேன் நான். யாரு கேட்டா?

வெள்ளிக்கிழமை டிவியில சினிமாப் பாட்டு, ஞாயித்துக்கிழமை படம். அன்னிக்கெல்லாம் சாமியே வந்து குத்துச்சண்டை போட்டாலும் எவனும் பாக்க மாட்டான். ஆக எவனுக்கும் வாணாத வியாழக்கிழமை பாக்ஸிங்குக்குன்னு ஆச்சி. கல்யாணம் இல்லாத நாளுல கடைக்குப் பக்கத்துலயே ஒரு மண்டபத்தைப் புடிச்சி, அங்கேருந்து நேரடியா நாப்பது வூட்டுக்கும் காட்டினாங்க. பந்தக்காலு நாலு நட்டு, அதுல கயித்தைக் கட்டி, கீழ ஜமக்காளத்தை விரிச்சிட்டா அதுதான் ரிங்கு. முந்தின நாள் கல்யாணத்துல கட்டின வாழைமரத்தை அவுக்கக் கூட இல்ல. வாளியும் துண்டும் என் பொறுப்பு. வேல முடிஞ்சதும் ரெண்டு பேரும் பஸ் ஏறி விழுப்புரம் போவோம்.

மொத வாரம் எட்டுப் பேரு குத்த வந்தாங்க. அவங்கவங்க பொண்டாட்டிங்க வீங்கின ஒதட்டப் பாத்தப்புறம், அடுத்த வாரம் அஞ்சு பேரு. மூணாவது வாரத்துலேருந்து எங்க வூட்டுக்காரரும், மாரியப்பன்னு விழுப்புரத்து ரைஸ் மில்லுல வேல செய்ற பையனும்தான் மிச்சம். மாரியப்பன் இவரை அண்ணேம்பான், என்னை அக்காம்பான். நல்லா குத்துவான். வயசு இருவதைத் தாண்டல. வாராவாரம் அதே அண்ணன், அதே தம்பி. புருசன் பொண்டாட்டி கூட அவ்ளோ ஒழுங்கா சண்டை போட மாட்டாங்க.

சண்டை ஒழுங்காவா நடந்துச்சி? தேவநாதனாண்ட இருந்தது ஒரே கேமரா. வயரு எட்டாததால அது ஒரே எடத்துல நிக்கும். கிட்டக் காட்டணும்னா அவரு கேமரா கண்ணாடியத் திருகறதுக்குள்ள குத்து வுழுந்து முடிஞ்சிடும். கல்யாணத்துல பழகின வாயி சும்மா இருக்குமா? மாரியப்பன் தாடையில இவரு ஒண்ணு வுட்டதும் தேவநாதன் கத்தினாரு: "அண்ணே, அப்படியே நில்லுங்க! கைய எடுக்காதீங்க! மூஞ்சிய இந்தப் பக்கம்!" இவரும் குத்தின கைய அந்தரத்துல வெச்சிக்கினு, மோவாயத் தூக்கி நின்னாரு. மாரியப்பனும் குத்து வாங்கின மூஞ்சியோட நின்னான். தேவநாதன் கண்ணாடியத் திருகி, கிட்டக் காட்டி, "ஓகே"ன்னதும் மறுபடி சண்டை.

எனுக்குப் பத்திக்கினு வந்துச்சி. "ஏங்க, சண்டையில எவனாவது நடுவுல நிப்பானா?"ன்னு கேட்டேன்.

"அக்கா, நிக்கலன்னா வூட்டுல பாக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியாது. புரியலன்னா விளையாட்டு எப்படிக்கா வளரும்?"ன்னாரு. கூட நின்ன நாலு பேரு, ஆமாம்மா ஆமாம்மான்னாங்க.

சரி, வளந்த கதையக் கேளுங்க. ஆரம்பத்துல தெருப் பசங்க கையில துண்டைச் சுத்திக்கினு ஒருத்தன் மூக்க ஒருத்தன் ஒடைச்சாங்க. பள்ளிக்கூடத்துலேருந்து பேஜாரு வந்ததும் அது நின்னுடுச்சி. அமாவாசை வியாழக்கிழமையில வந்தா நாப்பது வூடும் பூட்டி, ஜனம் மேல்மலையனூரு கோயிலுக்குப் பஸ் ஏறிடும். அன்னிக்கு மண்டபத்துல நாங்க நாலு பேரு, டிவிக்கு முன்னால ஒருத்தரும் இல்ல. பாக்கறவங்களும் கொஞ்ச நாள்ல, இன்னிக்கும் அதே மூஞ்சிங்கதானான்னு கேக்க ஆரம்பிச்சாங்க. தேவநாதன் சளைப்பாரா? ரவுண்டுக்கு நடுவுல ஒரு பாட்டுக்கு டான்ஸ் போட்டாரு. அப்புறம் பாத்திரக் கடை விளம்பரம். அப்புறம் டான்ஸ் ரெண்டாச்சி. கடைசியில டான்ஸுக்கு நடுவுல, ஆடற பொண்ணு பொடவை மாத்தற நேரத்துக்கு பாக்ஸிங்னு ஆயிடுச்சி. ஒரு பையன் புதுசா வந்து கிளவுஸ் கேட்டானா? ஒருத்தன் வந்தான். டான்ஸ் ஆட சேத்துக்குவீங்களான்னு கேட்டான்.

ஆனா ஒண்ணு, எங்க வூட்டுக்காரரு மட்டும் நல்லாப் பழகிட்டாரு. ஆறு மாசத்துல தேவநாதன் கத்த வேண்டிய அவசியமே இல்லாம போச்சி. நல்ல குத்து வுழுந்தா ரெண்டு பேரும் தானா நிப்பாங்க. வூட்டுல கோணிப்பையக் குத்தறப்பக் கூட இவரு ஒரு குத்து வுட்டுட்டு, மோவாயத் தூக்கிக்கினு நிக்கறத நான் பாத்தேன். "யோவ், அங்க யாருய்யா இருக்கறா?"ன்னேன். சிரிச்சாரு.

மீட்டு வந்துச்சி. மண்டிக்கு லீவு சொல்லிட்டு ரெண்டு பேரும் மெட்ராஸ் போனோம். மொத ரெண்டு சண்டையும் ஜல்தியா ஜெயிச்சாரு. எதிர்ல வந்தவங்க சோப்ளாங்கிங்க. இவரு குத்திட்டு நின்னாலும் அவங்களால ஒண்ணும் பண்ண முடியல. "அடிபட்டவன அடிக்க மாட்டேங்கறான்யா, பெரிய மனசு"ன்னு பக்கத்துல ஒருத்தரு என்னாண்டயே சொன்னாரு. நான் மாதாவ வேண்டிக்கினேன்.

ஃபைனல்ல வந்தவன் மெட்ராஸ் பையன். நல்ல வேகம். ரெண்டு ரவுண்டு வரைக்கும் ஆளுக்குப் பாதின்னு போச்சி. மூணாவது ரவுண்டுல எங்க வூட்டுக்காரரு கீழேருந்து ஒண்ணு வுட்டாரு பாருங்க, மாதாவே, அந்த மாதிரி குத்த நான் பாத்ததே இல்ல. சரியா தாடையில. அந்தப் பையன் காலு ரெண்டும் தொவண்டு, கை ரெண்டும் தொங்கி, கயித்து மேல சாஞ்சிட்டான். கண்ணு சொக்கிடுச்சி. இன்னும் ஒண்ணு, ஒரே ஒண்ணு போதும். ஸ்டேடியமே எழுந்திரிச்சி கத்துது. நானும் பெஞ்சு மேல ஏறிக் கத்தறேன்.

இவரு நின்னாரு.

குத்தின கைய அந்தரத்துல வெச்சிக்கினு, மோவாயத் தூக்கி, எடது பக்கம் பாத்துக்கினு நின்னாரு. அங்க கேமராவும் இல்ல, கழுதையும் இல்ல. ஒரு காலி நாற்காலி இருந்துச்சி. ரெஃப்ரி இவரையும் பாக்கறாரு, இவரு பாக்கற எடத்தையும் பாக்கறாரு. "அடிய்யா! பாவி மனுசா, அடிய்யா!"ன்னு நான் தொண்டை கிழியக் கத்தினேன். அதுக்குள்ள அந்தப் பையனுக்குத் தெளிஞ்சிடுச்சி. அவனுக்கு அந்த மாதிரி மரியாதையெல்லாம் யாரும் பழக்கல போல. கண்ணு மேலயே வுட்டான். அப்புறம் வயித்துல. அப்புறம் மறுபடி மூஞ்சியில. வெண்ண தெரண்டு வர்றப்ப தாழி ஒடஞ்சுது. என் கண்ணு முன்னாலயே ஒடஞ்சுது.

திரும்பி வர்ற பஸ்ஸுல ஏறி ஒக்காந்தோம். செங்கல்பட்டு தாண்டினதும் நான்தான் கேட்டேன். "இன்னா ஆச்சி உனுக்கு? தெரியலியா அவன் சொக்கிட்டான்னு?"

ஒரு கண்ணு வீங்கி மூடிக்கினு இருந்துச்சி. இன்னொரு கண்ணால சன்னலப் பாத்துக்கினே சொன்னாரு. "தெரிஞ்சுது ஜெயம். இன்னொண்ணு குத்தணும்னு நல்லாத் தெரிஞ்சுது. கைதான் வரல. யாராவது ஓகே சொல்வாங்கன்னு காத்துக்கினு இருந்தேன்."

அவரை அடிக்கவும் தோணுச்சி, கட்டிக்கினு அழவும் தோணுச்சி. பஸ்ஸு நெறைய ஆளுங்க. வாயில பொடவத் தலப்ப வெச்சி அடச்சிக்கினேன்.

மறு நாளே மண்டிக்குப் போயிட்டாரு. அந்த வியாழக்கிழமை சட்டையப் போட்டுக்கினு பஸ்ஸுக்குக் கெளம்பறாரு. எனுக்கு வந்துச்சே ஆங்காரம்! "வெக்கமா இல்ல உனுக்கு? மறுபடியும் அந்தக் கேமராக்காரனாண்ட போய்ப் பல்லக் காட்டப் போறியா?"

"மாரியப்பனுக்கு இன்னும் வயசு இருக்குது. வர்றதுன்னா வாளிய எடுத்துக்கினு வா"ன்னாரு. கண்ணு இன்னும் முழுசா தொறக்கல. எனுக்கு ஒண்ணும் புரியல, ஆனா போனேன்.

மண்டபத்துல தேவநாதன் மைக்கைப் புடிச்சிக்கினு இருந்தாரு. "நேயர்களே, நம்ம வியாழக்கிழமை பாக்ஸிங் வளத்த வீரரு, மாநில ஃபைனல் வரைக்கும் போயிட்டு வந்திருக்காரு! இத்தனைக்கும் காரணம் வாராவாரம் நீங்க குடுத்த ஆதரவு!" அடப்பாவி, வாயில புண்ணு வராதான்னு நெனச்சேன். டான்ஸ் முடிஞ்சுது. ரெண்டு பேரும் ரிங்குல எறங்கினாங்க.

மொதல்ல மாரியப்பன்தான் நல்லதா ஒண்ணு வுட்டான். வுட்டுட்டு, வழக்கம் போல மோவாயத் தூக்கி நின்னான். எங்க வூட்டுக்காரரு நிக்கல. நின்னவன் தாடையில பளார்னு வுட்டாரு. மாரியப்பன் அதிர்ந்து போயி, "அண்ணே!"ன்னான்.

"நிக்காதடா!"ன்னு கத்தினாரு இவரு. "குத்திட்டு நிக்காதடா!"

மறுபடி மாரியப்பன் குத்தினான், மறுபடி பழக்கத்துல நின்னான். மறுபடி வாங்கினான். தேவநாதன் அந்தப் பக்கத்துலேருந்து கத்தறாரு: "அண்ணே, இன்னா பண்றீங்க? படத்துல ஒண்ணுமே வுழல! நில்லுங்க அண்ணே!" இவரு காதுல எதுவும் வுழல. குத்தறாரு, அழறாரு, "நிக்காதடா நிக்காதடா"ங்கறாரு. கேமரா இருக்கற பக்கத்த வுட்டுட்டு, மாரியப்பன இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் தொரத்தறாரு. மாரியப்பன் மூக்குல ரத்தம். ரெண்டு வூட்டுல படம் தெரியலன்னு ஆள வேற அனுப்பிட்டாங்க.

கடைசியில மாரியப்பனுக்கு ரோசம் வந்துச்சி. இவரு வீங்கின கண்ணு மேலயே ஒண்ணு வுட்டான். நிக்கல. இன்னொண்ணு வுட்டான். அப்பவும் நிக்கல. மூணாவது குத்துல எங்க வூட்டுக்காரரு ஜமக்காளத்துல மல்லாந்துட்டாரு. படுத்துக்கினே, "ஆங், அப்படித்தான்டா"ன்னாரு. மாரியப்பன் அப்பவும் நிக்கல, மேல குத்தறதுக்குக் குனிஞ்சான். நான்தான் வாளியப் போட்டுட்டு, கயித்துக்குக் கீழ பூந்து ஓடிப்போய் அவன் கையப் புடிச்சேன்.