கைதட்டலுக்காகச் சொன்ன வார்த்தை

கடத்தூர் கல்யாண மண்டபத்து மேடையில் ஏறும்போது பூவிழிக்குப் பொய் சொல்லும் எண்ணம் துளிகூட இல்லை. அது 2018. குரூப் டூ தேர்வில் வென்று தருமபுரி கலெக்டர் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து அவளுக்கு ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. வீரமணி என்பவர் நடத்தும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தின் ஆண்டு விழா. ‘சாதித்தவர்கள் பேசுகிறார்கள்’ என்று பேனர் கட்டி, பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் பிள்ளைகளைத் திரட்டி வைத்திருந்தார்.

பூவிழிக்கு முன்னால் பேசியவர் ஓசூரில் பட்டறை வைத்துப் பெரிய ஆளானவர். குடியிருந்த வீட்டை விற்று மிஷின் வாங்கிய கதையைச் சொன்னார். மனைவியையும் பிள்ளைகளையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டுப் பட்டறையிலேயே படுத்துக்கொண்டாராம். அவர் பேசி முடித்ததும் மண்டபம் அதிர்ந்தது.

அடுத்து மைக்கைப் பிடித்தபோதுதான் பூவிழிக்குத் தன் கதை எவ்வளவு சப்பென்றிருக்கிறது என்று தெரிந்தது. கடத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் வியாகுலத்தின் மெடிக்கலில் அவள் எட்டு வருடம் வேலை பார்த்தாள். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு எட்டரைக்கு விடுவார்கள். ஆள் வராத நேரத்தில் மருந்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டுப் படித்தாள். ஆறு தடவை தோற்றாள். ஏழாவது தடவை வந்துவிட்டது. அவ்வளவுதான். அதில் வீட்டை விற்றதும் இல்லை, வெறும் தரையில் படுத்ததும் இல்லை.

முதல் இரண்டு நிமிடம் யாரும் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பின்வரிசையில் போன் நோண்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவள் வாயில் இருந்து அது வந்தது.

"ஒரு கையில வேலையையும் இன்னொரு கையில கனவையும் பிடிச்சுக்கிட்டு ஓட முடியாதுங்க. ஆறு தடவை தோத்த பிறகுதான் எனக்கு அது புரிஞ்சுது. வேலைய தூக்கி எறிஞ்சேன். அன்னைக்குத்தான் நான் நெசமாவே படிக்க ஆரம்பிச்சேன்."

தலைகள் நிமிர்ந்தன. யாரோ விசில் அடித்தார்கள். அந்தச் சத்தம் கொடுத்த தெம்பில் அவள் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாள். புத்தகத்தைக் கண்டாலே முகம் சுளிக்கும் முதலாளி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ராஜினாமா, அழுதுகொண்டே பஸ் ஏறிய சாயங்காலம். எதுவும் நடக்கவில்லை. பேசி இறங்கும்போது எழுந்து நின்று கைதட்டினார்கள். வீரமணி அந்தத் துண்டை மட்டும் வெட்டி, ‘வேலையை எறிந்தேன், வென்றேன்’ என்று தலைப்புப் போட்டு யூடியூபில் ஏற்றினார். அது ஒவ்வொரு வாட்ஸ்அப் குழுவாகச் சுற்றி, ஒருநாள் அவள் தம்பியே அவளுக்கு அனுப்பினான்.

அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை. ஆனால் கடத்தூருக்கு வரும்போதெல்லாம், மெடிக்கல் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கமாக நடக்கப் பழகிக்கொண்டாள்.

ஏழு வருடம் போனது. சென்ற தை மாதம் வீரமணி மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை பூவிழி ஜாக்கிரதையாக, பாடத்திட்டம், நேரம், பழைய கேள்வித்தாள் என்று பேசிவிட்டு இறங்கினாள். செருப்பைப் போடும்போது ஒருவன் வந்து கைகூப்பினான். இருபது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவன். காதோரம் நரைத்திருந்தது. யாரோ ஒரு பிள்ளையைப் படிக்கவைக்க வந்த அப்பா என்றுதான் அவள் முதலில் நினைத்திருந்தாள்.

"எம்பேரு முனிராஜ்ங்க மேடம். பாலக்கோடு பக்கம். உங்களாலதான் மேடம் நான் இன்னும் படிச்சுக்கிட்டு இருக்கேன்."

அவன் சொன்னதை எல்லாம் அவள் நின்றபடியே கேட்டாள். பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, தருமபுரியில் டிராக்டர் ஷோரூம் ஒன்றில் உதிரிபாகப் பிரிவில் ஏழு வருடம் இருந்தானாம். எந்த வண்டிக்கு எந்த பேரிங் என்று புத்தகம் பார்க்காமல் சொல்வானாம். அரூரில் திறக்கப்போகும் கிளைக்கு அவனையே மேனேஜராகப் போடுவதாக முதலாளி சொல்லியிருந்த நேரம். அப்போது இந்த வீடியோவைப் பார்த்தான். அடுத்த வாரமே வேலையை விட்டான். அதன் பிறகு இரண்டு தடவை பிரிலிம்ஸ் தாண்டியிருக்கிறான். மெயின்ஸில் ஒரு தடவை நூலிழையில் போனது.

"வீட்ல யாரு வேலைக்குப் போறாங்க?" என்று பூவிழி கேட்டாள்.

"எஞ்சம்சாரம் தக்காளி மண்டிக்குப் போவுதுங்க. தரம் பிரிக்கிற வேலை." கொஞ்சம் தயங்கிவிட்டு, "இடஒதுக்கீட்டுல எங்களுக்கெல்லாம் வயசு வரம்பு இல்லீங்களே மேடம். வுட மாட்டேன்," என்றான்.

அவன் முகத்தில் அவள்மேல் மனக்குறையே இல்லை. அதுதான் பூவிழியைச் சுட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் தன் போனை எடுத்து, சேமித்து வைத்திருந்த வீடியோவைக் காட்டினான். சோர்வாக இருக்கும்போதெல்லாம் போட்டுப் பார்ப்பானாம். சின்னத் திரையில் தன் வாய் திறந்து மூடுவதைப் பார்க்க முடியாமல், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

அன்றைக்கு அவள் எதிர்ப்பக்கமாக நடக்கவில்லை. நேராக மெடிக்கலுக்குப் போனாள். வியாகுலம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு கிழவருக்கு மாத்திரை அட்டையைக் கத்திரியால் வெட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் வெட்டுவதை நிறுத்தவில்லை. கிழவர் போன பிறகு, "என்ன மாத்திரைங்க?" என்று கேட்டார். எட்டு வருடம் அவளை ‘வாம்மா போம்மா’ என்று கூப்பிட்ட மனுஷன், யாரோ வாடிக்கையாளரைக் கேட்பது போலக் கேட்டார்.

பூவிழி அந்தப் பேச்சைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகவில்லை.

"தெரியும்மா. நானும் அன்னைக்கு மண்டபத்துலதான் இருந்தேன். கடைசி வரிசை. நீ பேசறேன்னு கடைய சாத்திட்டு வந்தேன்."

அவர் ஃபிரிட்ஜைத் திறந்து எதையோ அடுக்கினார். தேர்வுக்கு முந்தின மாதம் முழுக்கச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தவர் அவர்தான். பழைய கேள்வித்தாள்களைச் சேலத்தில் இருந்து வாங்கிவரச் சொல்லித் தன் மகனை அனுப்பியவரும் அவர்தான். மன்னித்துவிடுங்கள் என்று அவள் சொன்னபோது, அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சாயந்தர பஸ் கூட்டமாக வரும், சீக்கிரம் போய் ஏறு என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூவிழி, மையத்தில் கேட்டு வாங்கிய விலாசத்தோடு பாலக்கோட்டில் இறங்கி, ஆட்டோ பிடித்து, விசாரித்துக்கொண்டு முனிராஜ் வீட்டுக்குப் போனாள். ஷீட் போட்ட சின்ன வீடு. சுவர் முழுக்க அவன் கையால் எழுதி ஒட்டிய சார்ட்டுகள். அரசியலமைப்பின் அட்டவணைகள், ஆறுகள், பஞ்சாயத்துச் சட்டத் திருத்தங்கள். அவன் மனைவி தேவிப்பிரியா அப்போதுதான் மண்டியில் இருந்து வந்திருந்தாள். விரல் நுனிகளில் தக்காளிச் சாறு காய்ந்து வெடித்திருந்தது. மேடமே வூட்டுக்கு வந்துவிட்டார் என்று இருவரும் பரபரத்தார்கள். பக்கத்துக் கடைக்குக் கலர் சோடா வாங்க ஓடப்போனவனைப் பூவிழி கையமர்த்தி உட்காரவைத்தாள்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள். நான் வேலையை விடவே இல்லை. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கையில் வந்த பிறகுதான் மெடிக்கலை விட்டு நின்றேன். கைதட்ட வேண்டும் என்பதற்காக அப்படிச் சொன்னேன்.

முனிராஜ் முதலில் சிரித்தான். மேடம் தன்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தான் போல. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சுவரில் ஒட்டியிருந்த தாள்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

"மெடிக்கல் எத்தன மணிக்கு சாத்துவாங்க மேடம்?"

"எட்டரைக்கு."

"எங்க ஷோரூம் ஆறு மணிக்கே சாத்திடுவாங்க."

அவன் எழுந்து சட்டையை மாட்டினான். வெளியே போய் வண்டியை உதைத்தான். சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டு அடங்கியது.

தேவிப்பிரியா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று பூவிழி காத்திருந்தாள். அவளோ உட்கார்ந்து, விரலில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டிக்கொண்டே, நடந்ததைச் சாதாரணமாகச் சொன்னாள். வேலையை விட வேண்டாம் என்று அவள் அப்போதே மல்லுக்கு நின்றாளாம். அவன் இந்த வீடியோவைப் போட்டுக் காட்டினானாம். படித்த மேடமே சொல்கிறார், உனக்கு என்ன தெரியும் என்றானாம். அவளும் பார்த்தாள். மேடம் அழுதுகொண்டே பஸ் ஏறியதாகச் சொன்ன இடத்தில் அவளுக்கும் கண் கலங்கியதாம்.

"அதுக்கப்புறம் நான் ஒண்ணும் சொல்லலைங்க. மண்டிக்குப் போவ ஆரம்பிச்சேன்," என்றாள். பிறகு நிமிர்ந்து, "எங்ககிட்ட சொன்னத மத்தவங்ககிட்டயும் சொல்லுவீங்களா? இன்னும் எத்தனை பேரு பாத்தாங்களோ," என்று கேட்டாள்.

சொல்கிறேன் என்றாள் பூவிழி. சொல்லிவிட்டு வந்தாளே தவிர, பத்து நாள் வீரமணிக்குப் போன் போடவில்லை. ஒருநாள் ஆபீஸில் வேலை, ஒருநாள் தலைவலி. உண்மையில் அவளுக்குப் பயம். ஆபீஸில் தெரிந்தால் சிரிப்பார்களே, தம்பி என்ன நினைப்பான் என்ற பயம். பதினோராம் நாள், சாப்பாட்டு இடைவேளையில், டிபன் பாக்ஸைத் திறக்காமலே எண்ணை அழுத்தினாள்.

வீரமணிக்கு அது பிடிக்கவில்லை. வீடியோவை எடுக்க முடியாது, மையத்துக்கு அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வருகிறார்கள் என்றார். மேடையில் வந்து வேண்டுமானால் பேசுங்கள், ஆனால் பிள்ளைகள் மனசு உடைகிற மாதிரி எதுவும் வேண்டாம் என்றார். அவள் சரி என்று சொல்லவில்லை. பங்குனியில் புதுக் குழுவின் முதல் வகுப்புக்குப் போய் நின்றாள்.

அறுபது பேர் இருப்பார்கள். பூவிழி மெடிக்கலைப் பற்றிச் சொன்னாள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போட்ட ஸ்டூலையும், வியாகுலம் என்ற பெயரையும், சம்பளத்தோடு கிடைத்த விடுப்பையும் சொன்னாள். உங்கள் போனில் சுற்றும் வீடியோவில் நான் பேசியது பொய் என்றாள். அந்தப் பொய்யை நம்பி ஒருவர் வேலையை விட்டார் என்றும் சொன்னாள். முனிராஜின் பெயரைச் சொல்லவில்லை. வீரமணி கதவோரம் நின்று வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். "அப்ப வேலைய வுடறதா, வேணாமாங்க? நான் கம்பெனிக்குப் போயிக்கிட்டு இருக்கேன். அதச் சொல்லுங்க."

பழைய பூவிழியாக இருந்தால் அதற்கு ஒரு அழகான பதில் வைத்திருப்பாள்.

"எனக்குத் தெரியலம்மா," என்றாள். "நான் வேலைய வுடல, எனக்குக் கெடச்சுது. எங்கூடப் படிச்ச சுபாவும் வுடல. என்னைவிட நல்லாப் படிப்பா. அவளுக்குக் கெடைக்கல. எனக்குச் சாப்பாட்டுக்கு வழி இருந்துச்சு, அதனால ஏழாவது தடவ எழுத முடிஞ்சுது. உங்க வூட்டு நெலம உங்களுக்குத்தான் தெரியும். மேடையில பேசறவங்க யாருக்கும் தெரியாது. நானும் அதுல ஒருத்தி."

யாரும் கைதட்டவில்லை. அந்தப் பெண் தலையாட்டிவிட்டு உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டாள். வீரமணி அதன் பிறகு பூவிழியைக் கூப்பிடவில்லை. வீடியோவையும் எடுக்கவில்லை. பூவிழியே அதன் கீழே தன் பெயரில், நான் சொன்னது நடக்காதது என்று ஒரு கருத்து எழுதினாள். மறுநாள் அது அழிக்கப்பட்டிருந்தது. மறுபடி எழுதினாள். வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்து, இல்லையென்றால் திரும்ப எழுதுவது இப்போது அவள் வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

ஆனி மாதம் ஆபீஸ் வேலையாகப் பாலக்கோடு போனவள், மண்டிப் பக்கம் நடந்தாள். வரிசை வரிசையாகத் தக்காளிப் பெட்டிகள், லாரிகள், ஏலக்காரர்களின் கூச்சல். தேவிப்பிரியா ஒரு குவியலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நசுங்கியதை இடதுபக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். பூவிழியைப் பார்த்து எழுந்து, கையை முந்தானையில் துடைத்தாள்.

முனிராஜ் பழைய ஷோரூமுக்குப் போய்க் கேட்டானாம். அரூர் கிளையில் வேறொருவர் மேனேஜராகி வருடக்கணக்காகிறது. இப்போது பாலக்கோட்டிலேயே உதிரிபாகக் கடை ஒன்றில் நிற்கிறான். சம்பளம் அங்கே வாங்கியதைவிடக் குறைவு. ராத்திரி ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, ஒன்பது வரைக்கும் படிக்கிறான். அடுத்த தேர்வுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறான்.

"எம்மேல கோவமா இருக்காரா?" என்று பூவிழி கேட்டாள்.

தேவிப்பிரியா காலடியில் கிடந்த தக்காளியை ஓரமாகத் தள்ளினாள். "உங்க பேச்சே எடுக்கறதில்லைங்க. அந்த வீடியோவ போன்ல இருந்து அழிச்சிட்டாரு."

ஒருநாள் வீட்டுக்கு வந்து பார்க்கட்டுமா, குறிப்புகள் ஏதாவது வேண்டுமென்றால் தரட்டுமா என்று பூவிழி கேட்டாள்.

"இப்ப வேண்டாங்க," என்றாள் தேவிப்பிரியா. அதில் கடுப்பும் இல்லை, குழைவும் இல்லை. பின்னாலிருந்து மேஸ்திரி அவளைக் கூப்பிட்டார். அவள் திரும்பவும் குவியலுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். பூவிழி சிறிது நேரம் அங்கேயே நின்றாள். பெட்டி தூக்கிக்கொண்டு வந்த ஒருவர் வழி விடச் சொன்னார். அவள் ஒதுங்கி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.