வரேனாவிலிருந்து வந்த காளான் படம்

கவுனாஸ் நகரில் காளான் ஆலோசனை நிலையம் ஒன்று இருந்தது. காட்டில் பறித்ததைப் படமெடுத்து அனுப்பினால் தின்னலாமா என்று பதில் வரும். அங்கே தரவுத்தளத்தைக் கவனித்துவந்த ஸ்கிர்மாந்தே, அதில் எண் வரிசைகளைச் சேமிக்கும் வெக்டர் என்ற புது வகையைச் சேர்த்திருந்தாள். படத்தை அடையாளம் காணும் கணினி மாடல் ஒவ்வொரு படத்தையும் ஐந்நூற்றுப் பன்னிரண்டு எண்களாக மாற்றும்; அவை ஏற்கெனவே சேமித்த ஒரு படத்தின் எண்களை நெருங்கியிருந்தால் காளான்களும் ஒரே இனம்.

இந்தப் புதுச் சேவையை அன்று காலைதான் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பதினோரு மணிக்கு, கொல்லும் பச்சைக் குடைக்காளானின் புதுப் படமொன்றைப் போட்டுப் பார்த்தாள். 'தின்னலாம்' என்றது.

சேமித்த எண்களெல்லாம் பழைய மாடல் கொடுத்தவை. இன்று வரும் படங்களின் எண்கள் புது மாடலுடையவை; இரண்டையும் ஒப்பிடவே முடியாது. இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்ததால் தரவுத்தளம் மூச்சுக் காட்டாமல் விழுங்கிவிட்டது. அவளும் ஏற்கெனவே எண்கள் சேமித்திருந்த பழைய படங்களை வைத்தே சோதித்திருந்தாள்.

உடனே சேவையை நிறுத்தினாள்.

"எத்தனை பேருக்குப் பதில் போயிருக்கு?" என்றார் மேலாளர் ரிம்விதாஸ்.

"மூணு பேர். போன்ல சொன்னதும் ரெண்டு பேர் கொட்டிட்டாங்க. வரேனா ஊர்க்காரர் ஒருத்தர் போனை எடுக்கல. அவர் அனுப்பின படத்தை நம்ம காளான் நிபுணர் பார்த்துட்டார் சார். அதே கொல்லும் காளான்தான்."

ஒன்பதாவது முறை அவள் அழைத்தபோது எடுத்தார் அந்த வரேனாக்காரர் ஜெனோனாஸ்.

"ஐயா, அந்தக் காளானைச் சமைச்சிட்டீங்களா?"

"வெண்ணெயில வதக்கித் தின்னு, தட்டையும் கழுவியாச்சும்மா."

"அது விஷம். தப்பு எங்களோடது. ஆம்புலன்ஸ் அனுப்பறோம், கிளம்புங்க."

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே. அறுபது வருஷமா காட்டுல பொறுக்கறேன்."

"அப்புறம் ஏன் எங்களைக் கேட்டீங்க?"

"பொண்டாட்டி இருந்தவரைக்கும் அவதான் பார்த்துச் சொல்லுவா."

"இந்த விஷம் இன்னிக்குக் காட்டிக்காதுங்க. காட்டும்போது ஈரல் போயிருக்கும். கதவைத் திறந்து வைங்க, நான் லைன்லயே இருக்கேன்."

ஆம்புலன்ஸ் வர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. அதுவரை அவருடைய மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவருடைய ஈரல் சோதனை மோசமாக வந்தது. அவள் சாப்பிடவில்லை; ஒவ்வொரு எண் வரிசையோடும் அதைக் கொடுத்த மாடலின் பெயரையும் சேர்த்து, பொருந்தாததைத் தரவுத்தளமே மறுக்கும்படி மாற்றினாள்.

ஆறாம் நாள் அவர் பிழைத்துக்கொள்வார் என்றார்கள் மருத்துவர்கள். பார்க்கப் போனாள். மஞ்சள் பூத்த கண்களோடு அவர் கேட்டார்: "இனிமே யாருகிட்டம்மா கேக்கறது?"