ஆளுக்கு ஒரு மிஸ்ட் கோல்

டென்மார்க்கில் ஏறுவதற்கு என்ன மலை கிடக்கிறது என்று சில்க்போர்க் தமிழ்த் திருச்சபைச் சனம் எப்போதும் பகிடி பண்ணும். அவர்களுடைய ஊருக்குப் பக்கத்தில் 'வானமலை' என்று பெரிய பெயரோடு ஒன்று நிற்கிறது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஏறிவிடலாம். அந்த நினைப்பில்தான் தேவமலரும் சேலைக்கு மேல் ஒரு குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, ரப்பர்ச் செருப்போடு வடகடலோரத்து மணல்மலையில் ஏறத் தொடங்கினாள்.

அம்மாடி, அது மலையா! ஒரு பாலைவனத்தையே அள்ளிக் கடலோரத்தில் கொட்டின மாதிரி. ஓரடி வைத்தால் முக்காலடி சறுக்கியது. வாயைத் திறந்தால் மணல். பாதிவழியில் ஒரு செருப்பும் போய்விட்டது.

"சபையோட சாப்பிட வந்த இடத்தில உனக்கேன் இந்த விசர் வேலை?" புருசன் அன்புராஜா பின்னால் மூச்சிரைக்கத் தவழ்ந்து வந்தான்.

"கீழ சிக்னல் இல்லையெல்லே? ஏலாதெண்டால் நீங்கள் போய் இறைச்சியைச் சுடுங்கோ."

விசயம் இதுதான். ஊரில் சண்டை முடிந்து மூன்று மாதம். அவளுடைய அண்ணன் பாலேந்திரா, அண்ணி, இரண்டு பெட்டைப் பிள்ளைகள், நாலு பேரைப் பற்றியும் மார்கழிக்குப் பிறகு ஒரு சொல் இல்லை. போன கிழமைதான் வவுனியாவிலிருந்து தகவல் வந்தது. அண்ணன் ஆமிக்காரர் காவல் காக்கிற முகாமில் இருக்கிறார். இந்த ஞாயிறு, இன்றைக்கு, டென்மார்க் நேரம் நாலு மணிக்கு, ஒளித்து வைத்த போன் ஒன்று அவர் கைக்கு வரும். கதைக்க ஏலாது. உயிரோடு இருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மிஸ்ட் கோல் தருவார். திருப்பி எடுக்கக் கூடாது. மணி அடித்தால் போன் பிடிபட்டுவிடும்.

உச்சியில் சிக்னல் நிறைய இருந்தது. நாலு மணியானது, நாலேகாலானது, நாலரையானது. போன் வாயே திறக்கவில்லை. கீழே பாஸ்டர் ஜெபநேசன் சாப்பிட வரச்சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"காத்துக் கூடுது, இறங்குவம்" என்றான் அன்புராஜா. "கடல்பக்கத்தால நேர இறங்கினால் பத்து நிமிசம்."

பெரிய கெட்டிக்காரன்! பாதியில் மணல் முடிந்து, ஒரு பாதம் வைக்கிற அகலத்துக்குக் களிமண் விளிம்பு மட்டும் இருந்தது. ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் ஒன்றுமே இல்லை, அடியில் கடல். தேவமலர் சுவரைக் கட்டிப்பிடித்தாள். அன்புராஜா ஓரடி கீழே நின்று அவளுடைய கணுக்காலைப் பிடித்திருந்தான்.

அப்போது ஜாக்கெட் பையில் போன் அதிர்ந்து நின்றது.

"கையை விடாதை மலர்! விழுந்திடுவாய்!"

"விடேல்லை. எண்ணுங்கோ!"

ஒன்று. கொஞ்சம் பொறுத்து இரண்டு. பிறகு மூன்று. பிறகு ஒன்றுமில்லை. கால் மரத்தது. அவள் அசையவில்லை. இன்னும் ஒரு அடி இறங்கினால் சிக்னல் போய்விடுமோ என்ற பயம். "கர்த்தரே, ஒண்டு குறையுது. யாரையப்பா எடுத்தனீர்?" என்று சத்தமாகவே சண்டை பிடித்தாள்.

நாலு.

அவள் ஓவென்று அழுதாள். அன்புராஜாவும் அழுதான், கணுக்காலை மட்டும் விடவில்லை. மூக்கைச் சுவரில் தேய்த்துத் துடைத்துவிட்டுக் காலை நகர்த்தப் போனபோது, போன் மறுபடி அதிர்ந்தது.

"அஞ்சோ? உன்ர அண்ணை பதட்டத்தில மாறி அடிச்சிட்டார்போல."

"அண்ணை கணக்கு வாத்தியாரப்பா. ஆள் எண்ணிறதில அவர் பிழை விடுவாரே?"

சொல்லி முடிக்கவில்லை, அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மார்கழியில் கடைசியாய்க் கதைத்தபோது அண்ணி, "இன்னொரு விசயம் இருக்கு மச்சாள், பிறகு சொல்லுறன்" என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்தப் பிறகு வரவேயில்லை.

அத்தனை குண்டுக்கும் பசிக்கும் நடுவில்!

விளிம்பு முடிந்து மறுபடி மணல் சரிவு தொடங்கியதும் தேவமலர் சேலையைச் சுருட்டிக்கொண்டு குந்தினாள்.

"என்ன செய்யப்போறாய்? மெல்ல, மெல்ல!"

"விடுங்கோ காலை! எனக்கு ஒரு மருமோன் பிறந்திருக்கிறான். இல்லாட்டி மருமோள். பேர்கூடத் தெரியாது, இனி என்ன மெல்ல!"

அவள் அடிவாரம்வரை கத்திக்கொண்டே சறுக்கிப் போனாள்.