ஐஸ்கட்டிக் காய்ச்சல்

லாரிக்காரருக்குப் பொய் சொல்ல வராது. காய்ச்சலை மறைக்க வாய்க்குள் ஐஸ்கட்டியை அடக்கி வைத்திருந்துவிட்டு தெர்மாமீட்டரை வைத்தவருக்கு எவ்வளவு நேரம் என்று அளவு தெரியவில்லை. அது தொண்ணூற்று மூன்று காட்டியது.

"இந்தச் சூட்டுல பொணம்தாங்க இருக்கும்," என்றாள் தையல்காரியான அவர் மனைவி. அவர் கழுத்தில் கை வைத்தாள். கொதித்தது.

போன வருஷம் அவர் வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் கிருமி தொற்றி, அது பலூனாக வீங்கிவிட்டது. வயிற்றைத் திறந்தால் நுரையீரல் தாங்காது என்று, தொடை வழியாக ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழாயை உள்ளே வைத்தார்கள். "உயிரைக் காப்பாத்தியாச்சு. ஆனா கிருமி இருந்த இடத்துலயே வச்சிருக்கோம். மாத்திரை ஆயுசுக்கும். காய்ச்சல்னு வந்தா அந்த நிமிஷமே கிளம்பி வரணும்," என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"மக கிளம்பட்டும்," என்றார் அவர். "போன தடவையே எனக்காக வேலையை விட்டா. இன்னைக்குப் போய்ப் புது வேலையில சேரலன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. அவ தலை மறைஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிதான்."

"அதுக்குள்ள உள்ள வெடிச்சிட்டா?"

அவர் மகளின் பெட்டியை வாசல்பக்கம் தள்ளி வைத்தார். மனுஷன் பிடித்தால் உடும்புப்பிடி. அவளும் சரியென்றாள்.

மகளை ஏற்றிப்போகக் கார் வந்தது. கட்டிப்பிடிக்க வந்த மகளைப் பார்த்ததும் அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"போ, போ. நேரமாச்சு. என்ன சின்னப் பிள்ளையாட்டம்?"

"நான் போறது பிடிக்கலையாப்பா?"

அவர் சுவரைப் பார்த்தார். மகளின் முகம் சுருங்கியது. வாசல் பக்கம் திரும்பினாள்.

தையல்காரியால் அதற்கு மேல் முடியவில்லை. இதுவே கடைசிப் பேச்சாகிவிட்டால் இந்தப் பெண் ஆயுசுக்கும் சுவரைப் பார்த்த அப்பாவைத்தானே நினைத்துக்கொண்டிருக்கும்? மகளின் கையைப் பிடித்து இழுத்து அவர் நெற்றியில் வைத்தாள்.

"உன்கிட்ட மறைக்கச் சொன்னார். போறதும் இருக்கிறதும் உன் இஷ்டம். தெரியாம மட்டும் போகாத."

மகளின் கை அகலாமல் நெற்றியிலேயே இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ வேலைக்குப் போம்மா," என்றார்.

"பேசாம வாங்கப்பா."

மகள் அவரைத் தோளோடு அணைத்து வாசலுக்கு நடத்தினாள். பெட்டியைத் தூக்க வந்த கார்க்காரர் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"பெட்டி இருக்கட்டும் அண்ணா. ஆஸ்பத்திரிக்கு விடுங்க."