சன்னாசிக்கு ஓர் இடம்

வேலை செய்யாத கிழடுகளுக்குத் தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் இடமில்லை என்று 1944 தொடக்கத்தில் உத்தரவு வந்தது. வெள்ளைத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் குந்தியிருந்த ஜப்பான்காரன் போட்ட உத்தரவு. மலாயாவில் ரந்தாவுக்கு அருகே, அந்த ரப்பர் தோட்டத்தில்தான் பஞ்சாலை தன் மாமனார் சன்னாசியோடு இருந்தாள். அவருக்குக் காலிரண்டும் பூசணியாக வீங்கி, நடை போய்விட்டது. அவள் புருஷன் வீரமுத்துவைச் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிப் போய்ப் பத்து மாதம். இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஆளில்லை.

கொழுந்தன் கணேசமூர்த்திக்குச் சொல்லியனுப்பினாள். அம்பாங்கானில் வீடு, ஜப்பான் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை. கொடிக்கம்பத்தைக் கண்டால்கூட இடுப்பை ஒடித்துக் கும்பிடுகிறவன். தகப்பன் படுத்திருந்த லயத்து வாசலில் மட்டும் அந்த இடுப்பு வளைய மறுத்தது. வெளியே நின்றே பேசினான்.

"எங்கூட வச்சுக்கத்தான் ஆசை அண்ணி. ஆனா இருமல் சத்தம் கேட்டா என் வீட்டுக்காரிக்கு மயக்கம் வந்துரும்."

"மாமாவுக்கு இருமலே இல்லையே தம்பி. கால்தான வீங்கியிருக்கு."

"இனிமே வந்துட்டா?"

பஞ்சாலைக்குச் சிரிப்புதான் வந்தது. வராத இருமலுக்கு இப்போதே பயந்து சாகிற குடும்பம்.

அம்பாங்கானிலேயே முருகையா என்பவர் வயசானவர்களை வைத்துப் பார்க்கிறாராம். ராஜ உபசாரமாம். கிராணியின் தகப்பன் என்று எழுதிக்கொடுத்து, சன்னாசி பெயரில் அரிசி அட்டைகூட வாங்கிவிட்டானாம்.

"மாடு வாங்கினாக்கூட பல்லப் புடிச்சுப் பாக்குறோம். நான் பாத்துட்டுத்தான் விடுவேன்" என்றாள்.

மறுநாள் போனார்கள். கடைவீட்டு முகப்பில் ஜப்பான் எழுத்தில் பலகை. ஊரே எலும்பாய்த் திரிந்த காலத்தில் முருகையாவுக்கு மட்டும் தொப்பை. முன்கூடம் பெருக்கி மெழுகியிருந்தது. பின்னறையில் ஒன்பது கிழவர்கள் கோணிச் சாக்கில் கிடந்தார்கள். ஒருவரிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். அவர் முருகையாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சோறு" என்றார். வாயோரம் வெடித்துப் புண்ணாகியிருந்தது. அடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். சாம்பல் சில்லிட்டுக் கிடந்தது.

கணேசமூர்த்தி வெளியே சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கிராணியின் மனைவி என்று நினைத்த முருகையா குழைந்தார்.

"ஒண்ணும் கவலப்படாதீங்கம்மா. கெழவரு அரிசில பாதி மாசாமாசம் ஒங்க வீட்டுக்கே வந்துரும்லா. கிராணிகிட்ட பேசுனது பேசுனதுதான்."

பஞ்சாலை வெளியே வந்தாள்.

"அட்டையக் குடுங்க தம்பி."

"எதுக்கு அண்ணி?"

"பெத்தவன் சோத்துல பங்கு போட்ட கதைய ஒங்க ஜப்பான்காரன்கிட்ட சொல்லவா, அட்டையக் குடுக்குறீங்களா?"

அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டியபோதும், பழக்கதோஷத்தில் லேசாகக் குனிந்தான்.

லாபுவில் இசபெல் என்ற கிறிஸ்தவப் பெண் ஒரு பலகை வீட்டில் ஏழெட்டு முதியவர்களைப் பார்த்துக்கொள்வதாகப் பக்கத்து லயத்தில் பேச்சு. மாமனாரை மாட்டுவண்டியில் கிடத்தி, பஞ்சாலை அங்கே போனாள். அந்த வீட்டு முகப்பில் பெயர்ப்பலகையுமில்லை, உள்ளே மெழுகிய கூடமுமில்லை. அடுப்பு மட்டும் எரிந்தது.

"இங்க மரவள்ளிக் கெழங்குதான்" என்றாள் இசபெல். "அரிசி கெடைச்சா கஞ்சி. பொய் சொல்ல மாட்டேன். கொல்லை கொத்தவும் ஆளில்ல."

"நான் கொத்துறேன். எனக்கும் ஒரு மூலை குடுங்க."

சன்னாசி வண்டியிலிருந்தே தயங்கினார். "வேதக்கார வீடாச்சே. திருநீறு பூசலாமா தாயி?"

"தாராளமா பூசுங்க. அடுப்புல சாம்பலுக்குக் கொறைவில்ல" என்றாள் இசபெல்.

அவர் வாய்விட்டுச் சிரித்து பஞ்சாலை பார்த்து வெகுநாளாகியிருந்தது.

அட்டைக்குக் கிடைத்த அரிசியில் தவிடு போட்டுக் காய்ச்சிய கஞ்சியில் வீக்கம் வடிந்தது. கம்பூன்றி நடந்தார். பதினோரு மாதம் இருந்து, காய்ச்சலில் போனார்.

அதற்குள் கணேசமூர்த்தி இரண்டே தடவை வந்தான். முதல் தடவை அட்டையைத் திருப்பிக் கேட்க. சன்னாசி மகனை ஏற இறங்கப் பார்த்து, "பசிக்குதாடா? ரெண்டு கெழங்கு எடுத்துட்டுப் போ" என்றார். அவனும் கூசாமல் பெரிதாக இரண்டைப் பொறுக்கிக்கொண்டு போனான்.

இரண்டாம் தடவை கொள்ளி வைக்க. அவன் மாரில் அடித்து அழுததைப் பார்த்த லாபுக்காரர்கள், பிள்ளையென்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்றார்கள். பஞ்சாலை குளித்து முழுகிவிட்டு, மிச்சமிருந்தவர்களுக்குக் கிழங்கு பிடுங்கக் கொல்லைக்குப் போனாள்.